ஸ்டெப்னியில் மாட்டிய ஜாக்

கோபம் வந்தால் எனக்கு இந்தி வராது. சாதாரண நேரத்தில் வருகிற கொஞ்சநஞ்சமும் அப்போது ஓடி ஒளிந்துகொள்ளும். ஆட்டோக்காரரிடம் இடது பக்கம் திரும்பச் சொல்லத் தெரியும். காய்கறிக் கடையில் விலை கேட்கத் தெரியும். ஆனால் ஒரு ஆள் என்னை முட்டாளாக்குகிறான் என்று புரிகிற நொடியில் வாயைத் திறந்தால் வருவது கோயம்புத்தூர்த் தமிழ் மட்டும்தான். புனேவில் அதை வைத்துக்கொண்டு யாரையும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

அதனால் என்னுடைய சண்டைகளையெல்லாம் என் மனைவிதான் எனக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். போடுகிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் புனேவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு என்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அங்கே ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இந்தி, தெருவில் மராத்தி என்று வளர்ந்தவளுக்கு எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குத் தாவுகிறோம் என்பதே தெரியாது. என்னை அவள் "நீ" என்று கூப்பிடுவதை என் அம்மா இன்னும் ஜீரணிக்கவில்லை. எனக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு அவளோடு இருக்கிற வழக்கு வேறு.

எங்களிடம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கிறது. புனேவில் ஔந்துப் பகுதியில் அடுக்குமாடி வீடு, கணினி வேலை, ஐந்து நாளும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு அந்த வண்டி என்று மாமனார் கேட்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் முள்ஷி தாண்டி மலைப்பக்கம் போவதற்கு. அங்கே தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு மழைக்காலத்தில் அப்படிப் போனபோது செம்மண் சேற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. வண்டியோடு வந்த சின்ன ஜாக்கை வைத்தேன். அது சக்கரத்தைத் தூக்குவதற்குப் பதிலாகத் தானே சேற்றுக்குள் போய்விட்டது. ஒரு டிராக்டர் வரும்வரை மழையில் நின்றோம்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் அந்த ரெக்கவரி ஜாக். என் நெஞ்சுயரம் இருக்கும். உடம்பு முழுக்க ஓட்டை போட்ட ஒரு நீளமான இரும்புத் தண்டு, அதில் ஏறி இறங்குகிற ஒரு நாக்கு, அதை இயக்க ஒரு நீண்ட கைப்பிடி. அரை சிப்பம் அரிசி கனம். வண்டிக்குள் வைத்தால் உருளும். பிரேக் போட்டால் முன்னால் இருப்பவன் மண்டைக்கு வரும். அதனால் பெரும்பாலானவர்கள் அதைப் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் மேல் மாட்டிக்கொள்வார்கள். மழை தொடங்குவதற்கு முன்னால் அதை மாட்டிவிட வேண்டும் என்று ஒரு மே மாதச் சனிக்கிழமை கசார்வாடிக்குப் போனோம். பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, இந்த மாதிரி வண்டிகளுக்கு விதவிதமான கூடுதல் சாமான்கள் பொருத்தித் தரும் ஒரு பட்டறை.

கடைக்காரர் என் வயதுக்காரர். கருப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். ஸ்டெப்னியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு கனமான இரும்பு பிளேட்டை வைத்து, பிளேட்டிலிருந்து இரண்டு கம்பிகள் சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, ஸ்டெப்னியை மறுபடி மாட்டினார். அந்த இரண்டு கம்பிகளில் ஜாக்கைத் தொங்கவிட்டு இறுக்க வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் பிளேட் ஒரு விரல் பருமன். அது நடுவில் வந்ததும் ஸ்டெப்னியைப் பிடிக்கிற ஸ்டட்டுகள், அதாவது நட்டு ஏறுகிற மரை போட்ட முளைகள், குட்டையாகிப்போயின. நட்டு இரண்டு மூன்று மரைதான் ஏறியது. மீதி நட்டு வெறுமனே காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் லேத் பட்டறை இருந்தது. பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்தோம். மரை முழுக்க ஏறாத நட்டு எங்கள் பட்டறையிலிருந்து வாசல் தாண்டாது. நான் கடைக்காரரிடம் போய் விரலால் காட்டினேன்.

"சாப், குச் நஹி ஹோகா," என்றார். ஒன்றும் ஆகாதாம்.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "நட்டு பூராவும் ஏறோணும். இல்லீன்னா ஆடி ஆடிக் கழண்டுரும். ஸ்டெப்னி கனம், அதுக்கு மேல இந்த ஜாக் கனம். நீளமான ஸ்டட் போடச் சொல்லு."

அவள் இந்தியில் சொன்னாள். எனக்குப் புரிந்தவரையில் அவள் சொன்னது இதுதான்: "அண்ணா, இவருக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. ஒரு தடவை பாத்துடுங்களேன்."

எனக்குப் பயமா? ரத்தம் தலைக்கு ஏறியது. "பயமில்ல. இது தப்பான வேலை. வேலை தெரிஞ்ச எவனும் இப்படிப் பொருத்த மாட்டான்னு சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அதில் "நயா" என்ற சொல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. புதுசு. யார் புதுசு? ஊருக்கு நான் புதுசா, வண்டிக்கு நான் புதுசா? கடைக்காரரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் மராத்திக்கு மாறிவிட்டார்கள். அவர் அவளைத் "தாயீ" என்றார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். ஸ்டட்டைக் காட்டி என்னவோ நீளமாகச் சொன்னார். இவள் சுருக்கமாக ஏதோ பதில் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

"என்ன சொன்னான்?"

"மாட்டிக் குடுக்கறாராம். ஒண்ணும் ஆகாதாம். ஜானே தோ பா, விடு. வெயில்ல நின்னு எனக்குத் தலை வெடிக்குது."

வீட்டுக்கு வந்து வீல் ஸ்பானரால் நானும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தது. மரை குறைவாகப் பிடித்தாலும் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், அதுதான் அதில் உள்ள மோசம். அடுத்த வாரமே நீளமான ஸ்டட் தேடிப் பிடிப்பது என்று நினைத்தேன். அந்த வாரம் அலுவலகம் என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே மனைவி லோக்கல் ரயிலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் வண்டியில் கிளம்பினேன். தேஹு ரோடு ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். பின்னால் "டங்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். வழக்கமாகப் பின்கண்ணாடியில் பாதியை ஸ்டெப்னி மறைத்துக்கொண்டிருக்கும். இப்போது முழுக் கண்ணாடியிலும் வெளிச்சம். தெரு தெரிந்தது. தெருவில் என் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாக்கும் அதனோடு சேர்ந்து போயிருந்தது. பிளேட்டோடு, கம்பியோடு, எல்லாமாக. இரும்பு தார் ரோட்டில் மோதி மோதி எழும்ப, சக்கரம் கோணல்மாணலாகத் துள்ளிக்கொண்டே ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்குப் போய் ஒரு ஆட்டோவின் முன்பக்கத்தில் இடித்து விழுந்தது. ஆட்டோவில் ஏறக் காத்திருந்த ஒரு பெண்மணி பதறிப் பின்னால் துள்ளி, கால் இடறி, கையை ஊன்றியபடி கீழே விழுந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் கையில் இருந்த பை தூரப் போய் விழுந்தது.

ஓடிப்போனேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மாஃப் கரோ, மாஃப் கரோ," என்று மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் அந்த நேரத்தில் இருந்த மொத்த இந்தியும் அதுதான்.

ஆட்டோக்காரர் என் சட்டையைப் பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. வண்டியைப் பாதுகாக்கத் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு, பஸ்ஸில் போக வேண்டியதுதானே, இந்த மாதிரி பெரிய வண்டி வைத்துக்கொண்டு ஏழைகளைக் கொல்லத்தான் வந்தாயா என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. திட்டு வாங்கும்போது மட்டும் எல்லாம் புரிகிறது. பதில் சொல்லத்தான் வரவில்லை. நான் இதைச் செய்யவில்லை, கசார்வாடியில் ஒருவன் குட்டை ஸ்டட்டில் மாட்டினான், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னேன். இவ்வளவும் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே வந்தது இதுதான்:

"நட்… சோட்டா… துகான்வாலா…" நட்டு, சின்னது, கடைக்காரன்.

யாரோ ஒருவர் சிரித்தார். "நட் சோட்டா" என்று இன்னொருவர் என் மாதிரியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். அடிபட்ட பெண்மணியின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

மனைவிக்குப் போன் செய்தேன். மாமனார் வீடு பக்கம்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்மணியிடம் போய்க் குனிந்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அவர் பையை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பிச் சொன்னாள்: "கல்தி ஹமாரி ஹை." தப்பு எங்களுடையது.

அவ்வளவுதான். கூட்டம் தளர்ந்தது. என்னைத் திட்டிய ஆட்டோக்காரரே தன் ஆட்டோவில் எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள். அந்தப் பெண்மணி பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்க்கிறவர் என்று அங்கேதான் தெரிந்தது. கட்டுப் போட்டது வலது கை.

மாமனார் வீட்டுக்குத் திரும்பினோம். வாசல் தாண்டியதும் நான் வெடித்தேன்.

"தப்பு நம்மளதா? எப்பிடி நம்மளதாச்சு? நான் அன்னிக்கே தலையா அடிச்சுக்கிட்டேன். அத்தனை பேர் முன்னால எப்பிடி நீ அப்பிடிச் சொல்லுவே?"

"அப்புறம் என்ன சொல்லணும்? அந்தம்மா கீழ விழுந்து கெடக்கறாங்க. அப்ப நான் நட்டு, போல்ட்டுன்னு லெக்சர் குடுக்கணுமா?"

"நடந்தது என்னமோ அதச் சொல்லோணும்."

"யாருக்கு? அந்தக் கூட்டத்துக்கா? தப்பு நம்மளதுன்னு சொன்னா போயிடுவாங்க. அவங்களுக்கு அவ்ளோதான் வேணும்."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். "மெதுவா, மாப்பிள்ளை. அக்கம்பக்கம் இருக்காங்க. வெளியூர்லேருந்து வந்தவங்க நாம. இங்க குரல் உசத்தக் கூடாது."

அவர் அந்த ஊரில் வாழ்க்கையில் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் மகள் அந்த ஊரிலேயே பிறந்தவள். இன்னும் வெளியூர்க்காரர்கள், இன்னும் ஜன்னலைச் சாத்துகிறார்கள். எனக்கு யார்மேல் கோபம் என்றே அந்த நிமிடம் தெரியவில்லை. சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் சொல்லாமல் கசார்வாடிக்குப் போனேன். கழன்று விழுந்த பிளேட், வளைந்த கம்பிகள், பிறகு தெருவில் பொறுக்கிய நட்டுகள், எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசைமேல் கொட்டினேன். நட்டுகளுக்குள் முதல் இரண்டு மூன்று மரை மட்டும் வழித்தெடுத்த மாதிரி மழுங்கியிருந்தது. மீதி மரை புத்தம் புதிதாக மின்னியது. அதைவிடப் பெரிய சாட்சி எதுவும் தேவையில்லை.

இந்தியில் பேசப் பார்க்கவேயில்லை. தமிழில் ஆரம்பித்தேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இதுல எத்தன மரை பிடிச்சிருக்குது? நான் அன்னிக்குச் சொன்னனா இல்லியா? ஒரு பொம்பளை கை ஒடிஞ்சு கெடக்குது. சக்கரம் ஒரு கொழந்தை மேல போயிருந்தா? யாருங்க பதில் சொல்லுவாங்க?"

கோபத்தின் உச்சியிலும் அந்த "ங்க" போகவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நட்டு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது: "மேடம் கோ புலாவோ." மேடத்தைக் கூப்பிடுங்க.

"மேடம் எதுக்கு? நான் சொல்றேனில்ல?"

"மேடம் கோ புலாவோ, சாப்."

கூப்பிட மாட்டேன் என்று அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். அவரும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேனோ தெரியாது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். பிளேட்டும் நட்டும் பால்கனியில் இல்லை என்று பார்த்ததும் நான் எங்கே போயிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

வந்தவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். "என்ன சொல்லணும், சொல்லு. நீ சொல்றத அப்படியே சொல்றேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

"பயம், கியம் எதுவும் வரக் கூடாது."

"வராது. சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன். அவள் அதை மராத்தியில் சொன்னாள். சிரிக்கவில்லை. என் குரல் எங்கே உயர்ந்ததோ அங்கே அவள் குரலும் உயர்ந்தது. கடைக்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து மராத்தியில் பேசினார். கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"என்ன சொல்றான்?"

அவள் மேசைமேல் கிடந்த நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றான்னு கேட்டேன்."

"சொல்றேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கே இவர் எங்கிட்ட சொன்னாராம். ஸ்டட் சின்னது, நீளமானது வரவழைக்கணும், நாலஞ்சு நாள் ஆகும், அதுவரைக்கும் ஜாக்கை மாட்ட வேணாம், வண்டிக்குள்ளயே கட்டி வெச்சுக்கங்கன்னு சொன்னாராம். நான்தான் பரவாயில்ல, இன்னிக்கே மாட்டிக் குடுத்துடுங்கன்னு சொன்னேனாம்."

"நெசமா?"

"ஆமா. சொன்னேன்."

அவள் அதை என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். மராத்தி எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. வேறு என்னத்தையாவது சொல்லியிருந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போயிருப்பேன். சாகும்வரை தெரிந்திருக்காது. இந்த நியாயமெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. அவளைப் பார்க்கவே முடியவில்லை. அதனால் கடைக்காரரைப் பார்த்தேன்.

"அவ சொன்னா? அவ சொன்னா மாட்டிருவீங்களா? நாளைக்கு ஒருத்தர் வந்து பிரேக் வேண்டாம், கழட்டுங்கன்னு சொன்னாக் கழட்டிக் குடுப்பீங்களா? பட்டறை உங்களுதா, அவளுதா?"

அவள் அதையும் மொழிபெயர்த்தாள். நான் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். மேசையில் ஒரு தட்டும் தட்டினாள்.

கடைக்காரர் இப்போது முதல்முறையாக என்னைப் பார்த்து இந்தியிலேயே, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். இங்கே வருகிறவர்களில் இந்த ஜாக்கை ஒருநாளாவது கீழே இறக்கினவர் யாரும் கிடையாது. போட்டோவுக்காக மாட்டிக்கொள்கிறார்கள். அடுக்குமாடியின் கீழே நிறுத்திவைக்கிறார்கள். அதற்கு இது போதும் என்று நினைத்தேன்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் போல முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. என்னை அவர் ஏமாற்றவில்லை. என்னை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இவன் வண்டி எங்கே ஓடப்போகிறது, இவன் நட்டு எங்கே கழலப்போகிறது என்று ஒரு பார்வையில் முடிவுகட்டியிருக்கிறார். அந்த முடிவுதான் தேஹு ரோட்டில் போய் ஒரு பெண்ணின் கையை ஒடித்தது.

நீளமான ஸ்டட் அவரிடமே இருந்தது. அன்றைக்கு நாங்கள் போன பிறகு ஆர்டர் செய்திருக்கிறார். எங்களுக்குப் போன் செய்து சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காசு வேண்டாம் என்றார். பழைய ஸ்டட்டைத் தட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினார். வளைந்த கம்பியை வெட்டிவிட்டு வேறு கம்பி வெல்டிங் செய்தார். ஸ்டெப்னியை மாட்டும்போது ஸ்பானரை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். நட்டு முழுக்க ஏறி, அதற்கு வெளியேயும் கொஞ்சம் மரை தெரிந்தது. ஜாக்கை மாட்டி, கைப்பிடி ஆடாமல் ரப்பர் பட்டையால் கட்டி, பின்கதவைப் பிடித்து உலுக்கினேன். வண்டியே ஆடியது, ஸ்டெப்னி ஆடவில்லை. கடைக்காரர் தயங்கிவிட்டுக் கேட்டார்: அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? என் மனைவி சொன்னாள். அவர் தலையாட்டினார்.

வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பிக்கும் முன்னால் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"திட்டு. திட்டணும்னா திட்டிடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீயும் அவரும் அன்னிக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிட்டு நிக்கறீங்க. ரெண்டு பக்கமும் யார் பேசணும்? நான். அவர் பேசறத உனக்கு, நீ கத்தறத அவருக்கு. கல்யாணம் ஆனதிலேருந்து இதான் எனக்கு வேலை. கரண்ட் பில்லா, நான். பிளம்பரா, நான். சொசைட்டி மீட்டிங்கா, நான். நீ கோவப்படுவே, நான் போய் மன்னிப்புக் கேக்கணும். உன் வாய் நான்தான். அன்னிக்கு வெயில்ல தலை வெடிச்சுது. முடிஞ்சாப் போதும்னு இருந்துது. முடிச்சேன்."

"ஸ்டட் சின்னதுன்னு அவஞ் சொன்னத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ இன்னொரு மணி நேரம் கத்துவே. அதையும் நான்தான் சொல்லணும்."

"ஒரு பொம்பளைக்குக் கை போச்சு."

"தெரியும்," என்றாள். "எனக்குத் தெரியாதா? அதான கூட்டத்துல தப்பு எங்களுதுன்னு சொன்னேன். எங்களுதுன்னா என்னுது. உனக்குத்தான் புரியல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தபடி, எத்தனை தடவை சொன்னேன், ஒரு பாஷையாவது கத்துக்கோ என்று, கத்துக்கறேன் என்றாயே என்று தொடர்ந்து திட்டிக்கொண்டே வந்தாள். இவ்வளவு நாள் என் கோபத்தைத்தான் அவள் இனிப்புத் தடவிக் கொடுத்துவந்தாள் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கோபத்தையும் அப்படித்தான் எனக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஔந்துக்குத் திரும்புகிற இடம் வந்தது. திரும்பாமல் வண்டியை எதிர்ப்பக்கமாக, தேஹு ரோட்டுக்கு விட்டேன்.

அந்தப் பெண்மணியின் வீடு மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்தது. அவர் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் ஒரு தலையணைமேல் வைத்திருந்தார். என் மனைவி தெருவிலேயே நின்றுவிட்டாள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டார்.

"அவரையே கேளுங்க," என்றாள் இவள்.

எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னேன். உங்கள் கை, என் வண்டி, என் தப்பு. "மேரா கல்தி," என்றேன்.

"மேரா இல்ல, மேரீ," என்று திருத்தினார் அவர். இந்தியில் தப்பு பெண்பாலாம். திருத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். வலது கை இல்லாமல் தலை பின்ன முடியவில்லை, குளிக்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, மெஸ்ஸில் தன் இடத்தில் வேறொருத்தியை வைத்துவிட்டார்கள், அவள் தேய்க்கிற சப்பாத்தி வட்டமாகவே வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்களாம், இருந்தாலும் அவளை அனுப்பவில்லையாம். அன்றைக்குத் தெருவில் வலியில் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசினார். இடையில் நிறுத்தி "புரியுதா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன். மேலே திட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கட்டுப் பிரித்து, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மறுபடி மெஸ்ஸுக்குப் போனார். மாமியார் போனில் சொன்னார்கள். அந்த மெஸ் முதலாளியிடம் போய் அவர் இடத்தை மறுபடி அவருக்கே தரும்படி பேசியது என் மனைவி. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அதையும் மாமியார்தான் சொன்னார்கள்.

அந்த மழைக்காலத்தில் முள்ஷி பக்கம் ஒருதடவை ஜாக்கை இறக்கிப் பயன்படுத்தினோம். அடியில் பலகை போட்டு, நான் கைப்பிடியை அழுத்த, அவள் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளினாள். வண்டி வெளியே வந்தது. கடைக்காரர் சொன்ன அந்த போட்டோ வாக்கியம் அப்போதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கசார்வாடி வழியாகப் போகும்போது அந்தப் பட்டறையைப் பார்க்காமல் போக இன்னும் பழகவில்லை. என் மனைவிமேல் இருந்த கோபத்தில் பாதி போயிருக்கும். மீதி இருக்கிறது. அவளைக் கேட்டால் அவளும் என்னைப் பற்றி அதையேதான் சொல்கிறாள், ஆனால் பாதி போனதாக அவள் ஒப்புக்கொள்வதில்லை.